என்ன வேலைக்கு இந்த நேர்காணல்?

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர். கோட்டு, டை, முகத்தில் அலுவலகச் சிரிப்பு. இந்தப் பக்கம் வேலை கேட்டு வந்திருக்கும் கறுப்பர். பெயர் வில்சன். தாள்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. வைத்த தேர்வுகளையும் நன்றாகவே செய்திருக்கிறார். வேலை அநேகமாக உறுதி. "கடைசியாக ஒரு சின்னப் பரிசோதனை. நான் ஒரு சொல் சொல்வேன். உங்கள் மனதில் முதலில் என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள், போதும்" என்கிறார் வெள்ளைக்காரர்.

நாய் என்கிறார். மரம் என்று பதில் வருகிறது. வேகம் என்றால் மெதுவு. மழை என்றால் பனி. வெள்ளை என்றால் கறுப்பு. சுமுகமாகப் போகிறது. அதே குரலில், அதே சிரிப்போடு, அடுத்ததாகக் கறுப்பினத்தவரைக் குறிக்கும் பழைய சொல் ஒன்று வருகிறது. வில்சன் வெள்ளையரைக் குறிக்கும் கொச்சைச் சொல்லைப் பதிலாகத் தருகிறார். அதற்கடுத்து வருவது பச்சையான வசை. "என்ன சொன்னீங்க?" என்று வில்சன் நிமிர்ந்து உட்கார்கிறார். வெள்ளைக்காரர் பதறவில்லை. பரிசோதனைதானே என்பதுபோல அதே சொல்லை மறுபடி சொல்கிறார்.

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1975 டிசம்பர் 13, சனிக்கிழமை இரவு நேரலையாக ஒளிபரப்பான காட்சி இது. இன்று உலகம் முழுக்க ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்று அறியப்படும் நகைச்சுவை நிகழ்ச்சியின் ஏழாவது ஒளிபரப்பு அது. வேலை கேட்டு வந்தவராக நடித்தவர், அந்த வாரத்தின் சிறப்புத் தொகுப்பாளர் ரிச்சர்ட் பிரையர். வேலை கொடுப்பவராக ஷெவி சேஸ். 2025 டிசம்பரோடு ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. டிசம்பர் 6 நினைவு நாள் கூட்டம் முடிந்த மறுநாள், எங்கள் பகுதிப் படிப்பகத்தில் பதினைந்து இருபது பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஒரு மடிக்கணினித் திரையில் அந்த நிகழ்ச்சியை மறுபடி பார்த்தேன். பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இந்தப் பத்தியில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

தனிக் குவளை

அந்த நிகழ்ச்சியின் பெருமையே நேரலை என்பதுதான். நியூயார்க் ராக்கஃபெல்லர் பிளாசா கட்டடத்தில் 8-எச் என்ற அரங்கம். இரவு பதினொன்றரைக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரம். எடிட்டிங் இல்லை, ‘ரீடேக்’ இல்லை. யாராவது வசனத்தை மறந்தால் நாடே பார்க்கும். 1975 அக்டோபர் 11 அன்று தொடங்கியது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரையரை அழைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸ் சொன்னபோது தொலைக்காட்சி நிர்வாகம் பயந்தது. அந்த ஆள் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது என்றார்கள். பிரையர் இல்லாமல் இந்தக் காலத்து நகைச்சுவை நிகழ்ச்சி நடத்த முடியாது என்று மைக்கேல்ஸ் ராஜினாமா வரைக்கும் போனார். கடைசியில் நிர்வாகம் ஒப்புக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. பிரையர் வரும் வாரத்தில் ஒளிபரப்பைச் சில விநாடிகள் தாமதித்து அனுப்ப வேண்டும். அவர் ஏதாவது ‘சொல்லக் கூடாததை’ச் சொன்னால் வெட்டிவிடலாம்.

படிப்பகத்தில் இதைச் சொன்னதும் கல்லூரி முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவன், "டீக்கடையில தனி டம்ளர் வச்ச மாதிரிண்ணே" என்றான். இதைவிடச் சரியாக என்னால் விளக்க முடியாது. டீ கொடுக்கிறார்கள். அதே டீதான். பாத்திரம் மட்டும் வேறு.

பிரையரும் நிபந்தனைகள் வைத்தார். நிகழ்ச்சியின் எழுத்தாளர் அறையில் தன்னுடைய ஆளும் இருக்க வேண்டும் என்று தன் நண்பர் பால் மூனியை அழைத்துவந்தார். அவர் கறுப்பின நகைச்சுவை எழுத்தாளர். நடிப்பதற்கும் தன் தரப்பிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார். நிகழ்ச்சியின் நிரந்தரக் குழுவில் அப்போது இருந்த ஒரே கறுப்பினக் கலைஞர் காரெட் மோரிஸ். ஜூலியார்டில் இசை பயின்றவர், நாடக ஆசிரியர். ஏழு பேர் குழுவில் அவர் வாரா வாரம் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக நிகழ்ச்சியின் தொடக்கத்தில் தடுக்கி விழுந்துவிட்டு, "நியூயார்க்கிலிருந்து நேரலை" என்று கூவுவது ஷெவி சேஸின் உரிமை. பிரையர் வந்த வாரத்தில் மட்டும் மோரிஸ் விழுந்தார், மோரிஸ் கூவினார். விழுவதற்குக்கூட முறை வரவேண்டியிருக்கிறது!

மூனியின் கதைக்கு வருகிறேன். அவர் 2009-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் இந்த நேர்காணல் காட்சி பிறந்த விதத்தைச் சொல்கிறார். பிரையரின் ஆள் என்று சொல்லிக்கொண்டு வந்த அவரை, தொலைக்காட்சிக்காரர்கள் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. என்ன எழுதியிருக்கிறாய், என்ன தகுதி, எங்கிருந்து வருகிறாய் என்று குடைந்திருக்கிறார்கள். மரியாதையான வார்த்தைகளில்தான். அந்த மரியாதைக்கு அடியில் ஓடிய சொற்களை மேலே எடுத்து வைத்தேன், காட்சி தயாராகிவிட்டது, என் வாழ்க்கையில் இவ்வளவு எளிதாக எதையும் எழுதியதில்லை என்கிறார் மூனி. காட்சியை உருவாக்கியதில் தனக்கும் பங்கு உண்டு என்று சேஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். ஆனால், அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர் மூனிதான்.

எனக்கும் அந்த நாற்காலி தெரியும். தொண்ணூறுகளின் கடைசி. படிப்பை முடித்துவிட்டு ஒரு தனியார் நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போயிருந்தேன். பாடம் தொடர்பான கேள்விகள் பத்து நிமிடத்தில் முடிந்தன. பிறகு மேலாளர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "அட, நமக்கும் அந்தப் பக்கம்தான். ஊர்ல எங்க, பெருமாள் கோயில் பக்கமா?" இல்லைங்க என்றேன். "அப்ப, கடைத்தெருப் பக்கமா?" இல்லைங்க. ஊரில் இருப்பதே நான்கு பக்கம்தான். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார், சிரித்துக்கொண்டே. ஐந்தாவதாக அவர் எதையும் கேட்கவில்லை. தேவைப்படவில்லை. "சொல்லி அனுப்புறோம்" என்றார். ஷெவி சேஸின் முகத்தில் இருக்கும் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு அந்த மேலாளர் முகம்தான் வந்தது. ஒரு கடுஞ்சொல்கூட அவர் சொல்லவில்லை.

தீர்ந்துபோன சொற்கள்

காட்சிக்குத் திரும்புவோம். வெள்ளைக்காரர் ஒவ்வொரு வசையாக எடுத்து வைக்கிறார். வில்சன் ஒவ்வொன்றுக்கும் வெள்ளையரைத் திட்டும் ஒரு சொல்லைத் திருப்பித் தருகிறார். பார்வையாளர்கள் முதலில் தயங்கித் தயங்கிச் சிரிக்கிறார்கள். பிறகு வெடித்துச் சிரிக்கிறார்கள். இரண்டு பக்கமும் சரிசமமாக மோதிக்கொள்வதுபோலத் தோன்றுகிறது. முதல் முறை பார்க்கும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாம் முறை பார்த்தால் வேறொன்று தெரிகிறது. வெள்ளைக்காரரிடம் சொற்கள் தீரவே இல்லை. தலைமுடிக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று, ஈட்டிக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டே இருக்கிறார். வில்சனுக்குத் தீர்ந்துவிடுகிறது. கடைசி மூன்று பதில்களில் அவர் சொல்வது ஒரே சொல்தான். முதலில் ஒரு தடவை. அடுத்து அதையே இரண்டு தடவை. அதற்கும் மேல் அவரிடம் எதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. வில்சன் திருப்பித் தந்த சொற்களின் பிறப்பை விசாரித்துப் பாருங்கள். ‘ரெட்நெக்’ என்றால் வெயிலில் குனிந்து வேலை செய்து பிடரி சிவந்தவன். ‘ஒயிட் டிராஷ்’, ‘கிராக்கர்’ இரண்டும் தென் மாநிலங்களின் ஏழை வெள்ளையர்களை ஏளனம் செய்த சொற்கள். கடைசியில் அவர் பற்றிக்கொள்ளும் ‘ஹாங்கி’கூட, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களைக் கிண்டல் செய்த பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அதாவது, மேஜைக்கு அந்தப் பக்கம் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருப்பவரைக் காயப்படுத்த அந்த மொழியில் சொல்லே கிடையாது. இருப்பதெல்லாம் வேறு யாரோ ஓர் உழைப்பாளியின் முதுகில் விழும் சொற்கள்.

நம் மொழியின் நிலவரம் இதைவிட மோசம். அங்கே கறுப்பர்களைத் திட்ட வசைகளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இங்கே அந்தச் சிரமம்கூட இல்லை. சாதியின் பெயரே வசை. ஒரு சமூகத்தின் பெயர் கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் கம்பீரமாக நிற்கிறது. இன்னொரு சமூகத்தின் பெயர் தெருச் சண்டையில் கல்லாக வீசப்படுகிறது. இதில் ஆங்கிலேயருக்கும் பங்கு உண்டு. பறையர் என்ற நம் மக்களின் பெயரை எடுத்துக்கொண்டுபோய், ஒதுக்கி வைக்கப்பட்டவன் என்ற பொருளில் தங்கள் அகராதியில் வைத்துக்கொண்டார்கள். உலகச் செய்தித்தாள்கள் இன்றும் ஏதாவது ஒரு நாட்டைத் தனிமைப்படுத்தினால், கூச்சமில்லாமல் அந்தச் சொல்லைத் தலைப்பில் போடுகின்றன. தமிழ் உலகுக்கு அளித்த கொடை என்று பட்டியல் போடுகிறவர்கள் கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணியையும் சொல்வார்கள். இதைச் சொல்ல மாட்டார்கள்.

படிப்பகத்தில் காட்சி முடிந்ததும் ஒரு பையன் கேட்டான்: "அண்ணே, அவுங்க நம்மளத் திட்டுறதுக்கு எத்தன வார்த்த இருக்கு! நாம திருப்பிச் சொல்ல ஒண்ணுகூட இல்லையே?" யோசித்துப் பார்த்தோம். அவனவன் தெரிந்ததைச் சொன்னான். ஆதிக்கச் சாதிகளைப் பற்றி நம் தெருக்களில் புழங்கும் சொற்கள் மூன்றோ நான்கோ வந்தன. அவற்றையும் மெதுவாகத்தான் சொல்கிறோம், நம் வீட்டுக்குள் வைத்து. அவர்கள் காதில் விழும்படி சொன்னால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

காட்சியில் கடைசியாக வரும் வசை, ஆங்கிலத்தில் கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொற்களிலேயே கொடியது. அதை இங்கே அச்சிடவில்லை. வில்சனின் பதில் அதே ஒற்றைச் சொல்தான். ஆனால் முன்னால் ‘செத்த’ என்று ஒட்டிக்கொள்கிறது. சொல் தீர்ந்த இடத்தில் உடம்பு பேசத் தொடங்குகிறது. பிரையரின் கன்னமும் மூக்கும் துடிக்கின்றன. கண் இமை தன்னிச்சையாக அடித்துக்கொள்கிறது. அந்த முகத்துக்காகவே இந்தக் காட்சியை நூறு தடவை பார்க்கலாம். சிரிக்க வைக்கும் முகம் அது. ஆனால், அந்தத் துடிப்பு நடிப்பு மட்டும்தானா என்ற சந்தேகமும் வருகிறது.

அந்த அறையில் நடந்ததற்கு நம் நாட்டில் வழக்குப் போட முடியுமா என்றும் பேச்சு வந்தது. சட்டம் படிக்கும் ஒரு தங்கை விளக்கினாள். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் குற்றம். நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது திட்டினால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. "அப்ப வில்சனுக்கு கேஸ் நிக்காது" என்றாள். நேர்காணல் அறைகளுக்கு எப்போதும் கதவு சாத்தியிருக்கும்.

மற்ற காட்சிகள்

ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியில் இந்தக் காட்சி சில நிமிடங்கள்தான். மற்றவற்றையும் சொல்ல வேண்டும். காவல் நிலைய அடையாள அணிவகுப்பு ஒன்று வருகிறது. குற்றவாளியைச் சாட்சி அடையாளம் காட்ட வேண்டும். வரிசையில் பிரையர் நிற்கிறார். அவரோடு நிற்பவை ஒரு கன்னியாஸ்திரி, ஒரு குளிர்சாதனப் பெட்டி! யாரைக் காட்டுவார்கள் என்று கேட்க வேண்டுமா? குற்றப் பரம்பரைச் சட்டம் அமலில் இருந்த மண்ணில், திருட்டு நடந்த மறுநாள் காலை ஜீப் எந்தத் தெருவுக்குள் முதலில் நுழையும் என்று தெரிந்த எங்கள் பிள்ளைகள் இதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள். மொழி புரியாதவர்களுக்கும் இது புரிந்தது.

புத்தக அறிமுகக் காட்சி ஒன்று. ஒரு வெள்ளை எழுத்தாளர் தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு தென் மாநிலங்களில் சுற்றி, பட்ட அனுபவங்களை 1961-இல் நூலாக எழுதினார். அதைத் திருப்பிப்போட்டு, வெள்ளையாக வேஷம் போட்டு வாழ்ந்து பார்த்த கறுப்பராக பிரையர் வருகிறார். இந்த விதையை ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1984-இல், எடி மர்ஃபி மரமாக்கினார். வெள்ளை மாவு பூசிக்கொண்டு அவர் பத்திரிகைக் கடைக்குப் போனால் காசு வேண்டாம் என்கிறார் கடைக்காரர். பேருந்தில் கடைசிக் கறுப்பர் இறங்கியதும் வெள்ளையர்களின் கொண்டாட்டம் தொடங்குகிறது. வங்கியில் அடமானம் இல்லாமல் பணம் கிடைக்கிறது. நாம் இல்லாத இடத்தில் அவர்கள் எப்படி இருப்பார்கள் என்ற கேள்வி நம்மில் யாருக்குத்தான் வந்ததில்லை?

பாட வந்தவர் கில் ஸ்காட்-ஹெரான். தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சிக்கு எதிரான ‘ஜோகன்னஸ்பர்க்’ என்ற பாடலைப் பாடினார். சொவெட்டோவில் மாணவர்கள் தெருவில் இறங்கியது அதற்கு ஆறு மாதங்கள் கழித்து, 1976 ஜூனில். அமெரிக்க வீடுகளின் வரவேற்பறையில் சனிக்கிழமை இரவு அந்த ஊரின் பெயர் ஒலித்தது சாதாரண விஷயம் அல்ல.

எல்லாமே பாராட்டத்தக்கது என்று சொல்ல மாட்டேன். சாமுராய் விடுதிக் காட்சி என்று ஒன்று. ஜான் பெலுஷியும் பிரையரும் ஜப்பானிய வீரர்களாக வேஷம் கட்டி, ஜப்பானிய மொழி என்ற பெயரில் வாய்க்கு வந்ததை உளறி, வாளை வீசுகிறார்கள். அரங்கம் அதிர்கிறது. பெலுஷிக்குப் பெரிய புகழ் தந்த வேடம் அது. தன் மக்களின் பேச்சையும் தோலையும் கேலிப்பொருளாக்கியதை எதிர்த்த அதே இரவில், பிரையர் இன்னொரு மக்களின் மொழியைக் கேலிப்பொருளாக்கினார். நம்மிலும் இது உண்டு. நமக்குக் கீழே என்று ஒருவரைத் தேடிப் பிடித்துச் சிரிப்பது சாதி கற்றுத்தந்த பாடம். நம் தெரு மேடை நாடகங்களில் திருநங்கைகளும் நரிக்குறவர்களும் எந்தப் பாத்திரங்களில் வருகிறார்கள் என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிகழ்ச்சியும் ஒரே இரவில் திருந்திவிடவில்லை. காரெட் மோரிஸ் மறுவாரம் ஓரத்துக்குத் திரும்பினார். குழுவில் ஒரு கறுப்பினப் பெண்கூட இல்லையே என்று 2013-இல் கண்டனம் எழுந்தது. பெண் வேடத்தைத் தாங்களே போட மாட்டோம் என்று குழுவின் கறுப்பின ஆண்கள் சொன்னார்கள். அதன் பிறகு 2014 ஜனவரியில்தான் சஷீர் ஸமாட்டா சேர்க்கப்பட்டார். மாயா ருடால்ஃப் 2007-இல் விலகிய பின் ஆறாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி.

பிரையர் இலினாய் மாநிலத்தின் பியோரியா நகரில், தன் பாட்டி நடத்திய பாலியல் விடுதியில் வளர்ந்தவர். அந்த ஒரு சொல்லை, அந்தக் கொடிய வசையை, மேடைகளில் தாராளமாகப் பயன்படுத்தியவர். 1974-இல் வந்த அவருடைய இசைத்தட்டின் தலைப்பிலேயே அது உண்டு. எதிரியின் ஆயுதத்தைப் பிடுங்கி மழுங்கடிக்கிறோம் என்று நம்பினார். 1979-இல் கென்யாவுக்குப் போனார். எங்கு திரும்பினாலும் கறுப்பர்கள், கடைக்காரரிலிருந்து அமைச்சர் வரைக்கும். இங்கே அந்தச் சொல்லுக்கு ஆளே இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. இனி அதைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்துத் திரும்பினார். 2005-இல் இறந்தார். எந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு பெருமையாக்குவது, எதைக் குப்பையில் போடுவது என்ற இந்த விவாதம் நமக்கும் பழையதுதான். பறை என்ற சொல்லை நாம் மீட்டெடுத்திருக்கிறோம். மீட்க விரும்பாத சொற்களும் இருக்கின்றன.

அங்கிருந்து இங்கு

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று ஒதுக்க முடியாது. அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா. சபைக்கு அனுப்பிய மனுவைப் பற்றி விசாரித்து, 1946-இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டு போய்ஸும் பதில் எழுதினார். கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்து, 1972-இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் அவர்களுடைய தோழர்களும் தலித் சிறுத்தைகளைத் தொடங்கினார்கள். எண்பதுகளில் அந்தப் பெயர் மதுரைக்கு வந்தது. பிரையரின் கிண்டலும் கறுப்புச் சிறுத்தைகளின் கோபமும் ஒரே காலத்துப் பிள்ளைகள்.

கோபம் வந்து சேர்ந்தது. பாட்டு வந்து சேர்ந்தது. 2018-இல் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடை ஏறியபோது சென்னை பார்த்தது. கிண்டல் மட்டும் ஏனோ தாமதமாக வருகிறது. மராட்டியத்திலும் சத்தீஸ்கரிலும் பிறந்த அங்குர் தங்காடே, மஞ்சீத் சர்க்கார் போன்ற இளைஞர்கள் சாதியைப் பற்றி மேடையில் ஒற்றை ஆளாக நின்று சிரிக்க வைக்கிறார்கள். நம் தமிழ்த் தொலைக்காட்சிகளின் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் கறுத்த தோலும் ‘சேரித் தமிழும்’ இன்னும் கேலிக்குரிய சரக்காகத்தான் இருக்கின்றன. அந்த எழுத்தாளர் அறைகளில் நம் ஆட்கள் எத்தனை பேர்?

இனி, காட்சியின் முடிவு. வில்சனின் முகம் துடிப்பதைப் பார்த்த வெள்ளைக்காரர் நடுங்கிவிடுகிறார். நீங்கள் தகுதியானவர், வேலை உங்களுக்குத்தான், ஆண்டுக்கு ஐயாயிரம் டாலர் என்கிறார். வில்சன் அவருடைய தாயை இழுக்கிறார். ஏழாயிரத்து ஐநூறு! பாட்டியை இழுக்கிறார். பதினைந்தாயிரம்! அப்போதுதான், முதன்முறையாக, அது என்ன வேலை என்று நமக்குத் தெரிகிறது. அமெரிக்காவிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் துப்புரவுப் பணியாளர் நீங்கள்தான், தயவுசெய்து என்னை எதுவும் செய்துவிடாதீர்கள் என்று கெஞ்சுகிறார் வெள்ளைக்காரர்.

அரங்கம் கைதட்டுகிறது. எங்கள் பிள்ளைகளும் தட்டினார்கள். கறுப்பர் ஜெயித்துவிட்டார் அல்லவா! கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் தட்டவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு. அவளுடைய அம்மா நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்.

"எல்லாம் சரிண்ணே. இவ்ளோ பரிட்ச வச்சு, இவ்ளோ திட்டி, இவ்ளோ திட்டு வாங்கி, கடைசில கையில கொடுத்தது அதே வெளக்கமாறுதானே?"

யாரும் பேசவில்லை. ஐம்பது ஆண்டுகளாக இந்தக் காட்சியைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நான் படித்தவரையில் எல்லோரும் அந்தச் சொற்களைப் பற்றியே எழுதினார்கள். வேலையைப் பற்றி இந்தப் பெண்தான் கேட்டாள். மூனி அதை அறிந்தேதான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் வேலையின் பெயரைக் கடைசிவரை மறைத்து வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அவளுடைய அம்மாவின் வேலைக்குத் துப்புரவுப் பணி என்ற பெயர் போய்த் தூய்மைப் பணி என்று வந்துவிட்டது. மலக்குழியில் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்துவிட்டது. இறந்தால் குடும்பத்துக்கு முப்பது லட்சம் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பெயரும் தொகையும் ஏறியிருக்கின்றன. அந்த வேலைக்கு யார் வருகிறார்கள் என்பது மட்டும் எந்தப் பரிசோதனையும் வைக்காமலேயே முடிவாகிவிடுகிறது.

அன்று மாலையே பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பொங்கல் விழா மேடையில், கோலப் போட்டிக்கும் உறியடிக்கும் நடுவே, இந்த நேர்காணலை நம் ஊர்க் கதையாகப் போடுவது. காவல் நிலையத்துக்குக் கொடுக்கும் அனுமதிக் கடிதத்தில் ‘நகைச்சுவை நாடகம், பத்து நிமிடம்’ என்று எழுதியாயிற்று. ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் அவர்கள் சொல்வது, அந்தப் பக்கம் நாம் சொல்வது என்று எழுதத் தொடங்கினார்கள். இந்தப் பக்கம் நிரம்பித் தாள் திருப்ப வேண்டியிருந்தது.

வில்சன் வேடத்துக்கு ஆறு பேர் கை தூக்கினார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார ஒருவரும் வரவில்லை. அந்தச் சொற்களை நம் தெருவில், நம் பெற்றோர் முன்னால், ஒலிபெருக்கியில் யார் சொல்வது? ஒருவன் எழுந்து ஒத்திகைக்காக ஒரே ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்தான். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். சட்டப்படி நாம் சொன்னால் வழக்கு வராது, அந்தப் பிரிவு நம் மேல் பாயாது என்று சட்டக் கல்லூரித் தங்கை தைரியம் சொல்லிப் பார்த்தாள். பலிக்கவில்லை.

கடைசியில் அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்தான் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நான் சொல்றேன். அம்மா வேலைக்குப் போற எடத்துல தெனம் கேக்குறதுதான், எனக்கு மனப்பாடம்" என்றாள். பிறகு நோட்டை வாங்கி, வேலையின் பெயர் எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பொங்கலுக்குள் முடிவு செய்துவிடுவார்களாம்.